இந்த ஒரு தடவை மட்டும்

கொடைக்கானலில் கட்டடம் கட்டுவதற்கான பொதுவான விதி ரொம்ப சிம்பிள். தரைத் தளம் ஒன்று. அதன் மேல் இன்னொன்று. அத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

மலை ஊர்களுக்கென்றே தமிழக அரசு 1993ல் தனியாகக் கட்டட விதிகளைக் கொண்டுவந்தது. அதே வருஷம் கொடைக்கானலுக்கு ஒரு மாஸ்டர் பிளானும் வந்தது. எங்கே குடியிருப்பு, எங்கே கடை, எங்கே ஹோட்டல், எங்கே எதையுமே கட்டக்கூடாது என்று கலர் கலராகப் பிரித்துக் காட்டும் வரைபடம். அதற்கும் முன்னால், 1990லேயே, மலைப் பகுதிகளைப் பாதுகாக்க 'ஹாக்கா' என்று ஓர் அமைப்பு. அதன் பட்டியலில் உள்ள கிராமங்களில் கட்டுவதற்கு வனத்துறை, வேளாண் பொறியியல் துறை, கனிம வளத்துறை என்று வரிசையாகத் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும்.

இத்தனையையும் ஒரு புத்தகமாக பைண்டு பண்ணி ஒரு விமர்சகரிடம் கொடுத்தால் என்ன எழுதுவார்? 'ஆரம்பம் அருமை. நடுவிலும் குறையில்லை. கடைசிப் பக்கத்தில் ஆசிரியரே தன் கதையைக் கெடுத்துவிட்டார்' என்றுதான் எழுதுவார்.

அந்தக் கடைசிப் பக்கத்தைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களிடம் பேசப் போகிறேன். அதில் இருப்பது, சட்டத்தின் பாஷையை உதறிவிட்டுச் சொன்னால், இதுதான்: மேலே சொன்ன விதிகளில் இருந்து அரசு நினைத்தால் விலக்கு கொடுக்கலாம்.

*

முதலில், ஏன் இரண்டு மாடி?

ஏதோ ஒரு வெள்ளைக்கார துரை ஏரியைப் பார்த்தபடி டீ குடிக்கும்போது கண்ணுக்கு மறைக்கக் கூடாது என்று போட்ட விதி இல்லை இது. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் சதுர அடியில் ஒரு தளம். கான்க்ரீட், சுவர், கட்டில், பீரோ, தண்ணீர், மனிதர்கள் எல்லாம் சேர்த்தால் தோராயமாக 100 டன் வரும். நன்றாக லோடு ஏற்றிய நாலு பெரிய லாரிகளை அந்த இடத்தில் நிரந்தரமாக நிறுத்தி வைத்த மாதிரி. ஏழு தளம் என்றால் இருபத்தெட்டு லாரி. சமதரையில் அது ஒரு எடை. அவ்வளவுதான். சரிவில் அது கீழ்நோக்கி இழுக்கிற எடை.

மலையில் சமதளம் கிடையாது. அதனால் மேல் பக்கம் வெட்டுகிறார்கள், வெட்டிய மண்ணைக் கீழ் பக்கம் கொட்டி நிரவுகிறார்கள். வெட்டிய பக்கம் பிடிமானம் போய் நிற்கிறது. கொட்டிய பக்கம் இறுகாத மண். அதைத் தாங்க ஒரு தடுப்புச் சுவர். சுவருக்குப் பின்னால் மழைத் தண்ணீர் சேரும். அது வெளியேற சுவரில் துளை இருக்க வேண்டும், துளைக்குக் கீழே வடிகால் இருக்க வேண்டும். பல இடங்களில் துளையும் இருக்காது, வடிகாலும் இருக்காது. போதாக்குறைக்கு நாற்பது ரூம்களின் குளியலறைத் தண்ணீரும் கழிவுநீரும் அதே சரிவில் தினம் தினம் இறங்கும். மழைக்காலத்தில் ஒருநாள் மண் 'போதும்டா சாமி' என்று கையை விரித்துவிடுகிறது.

நீலகிரியில் 2009 நவம்பரில் பெய்த பேய்மழையில் நாற்பது பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். உத்தராகண்டில் ஜோஷிமட் ஊரின் மண் இளகியது, அங்கே கனமான கட்டுமானம் ஆபத்து என்று 1976லேயே மிஸ்ரா கமிட்டி எழுதிக் கொடுத்தது. 2023 ஜனவரியில் அந்த ஊரின் நூற்றுக்கணக்கான வீடுகளில் சுவர்கள் விரிசல்விட்டன. எல்லா நிலச்சரிவுக்கும் கட்டடம்தான் காரணம் என்று சொன்னால் அது பொய். மழை, மண், காடழிப்பு, சாலை வெட்டியது என்று காரணங்கள் பல. ஆனால் மழையை நம்மால் நிறுத்த முடியாது. மூன்றாவது மாடியை நிறுத்த முடியும்.

*

இப்போது அந்த ஏழு மாடிக் கதை. முப்பது வயதுக்குக் கீழே உள்ள வாசகர்களுக்கு இது தெரிந்திருக்காது. மற்றவர்கள் மறந்திருப்பீர்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கொடைக்கானலில் பிளசன்ட் ஸ்டே என்று ஒரு ஹோட்டல் எழும்பியது. அனுமதி இரண்டு தளத்துக்கு. எழுந்தது ஏழு தளம். 1985ல் தொடங்கப்பட்ட பழனி மலைப் பாதுகாப்புக் குழு என்ற உள்ளூர் அமைப்பு கோர்ட்டுக்குப் போனது. 1994 மே மாதம் அரசு ஓர் ஆணை போட்டு அந்த ஹோட்டலுக்கு விதிகளில் இருந்து விலக்கு கொடுத்தது. கடைசிப் பக்கம் திறந்தது.

சென்னை உயர் நீதிமன்றம் அந்த விலக்கை ரத்து செய்தது. 1995ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. மரம், ஓடை, பறவை என்று பேசிக்கொண்டிருந்த சில பேர் ஓர் அரசாங்க ஆணையைத் தோற்கடித்தார்கள். தமிழ்நாட்டின் சுற்றுச்சூழல் வரலாற்றில் இது சாதாரண விஷயம் இல்லை.

பிறகு அது கிரிமினல் வழக்காக மாறியது. 2000 பிப்ரவரி 2 அன்று தனி நீதிமன்றம், முன்னாள் முதல்வர் ஜெயலலிதா, முன்னாள் அமைச்சர் செல்வகணபதி உள்ளிட்டோருக்கு ஓராண்டு சிறைத் தண்டனை விதித்தது. அன்று மதியம் தர்மபுரிக்குப் பக்கத்தில் இலக்கியம்பட்டியில் ஒரு பஸ்ஸுக்குத் தீ வைத்தார்கள். உள்ளே இருந்தவர்கள் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் மாணவிகள். கல்விச் சுற்றுலா போய்க்கொண்டிருந்தவர்கள். மூன்று பேர் எரிந்து செத்தார்கள்.

2001 டிசம்பரில் உயர் நீதிமன்றம் ஜெயலலிதா உள்ளிட்டோரை விடுதலை செய்தது. குற்றம் நிரூபணமாகவில்லை. அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கிரிமினல் வழக்கில் விடுதலை என்பதால் அந்த விலக்கு சரி என்று ஆகிவிடவில்லை. 'விலக்கு செல்லாது' என்ற 1995 தீர்ப்பு தனி. அது அப்படியே இருக்கிறது.

இந்த வழக்கை நாம் எல்லோரும் எப்படி ஞாபகம் வைத்திருக்கிறோம்? அ.தி.மு.க. வழக்கு, தி.மு.க. போட்ட வழக்கு, பஸ் எரிப்பு வழக்கு. கட்டட விதி வழக்காக யாருக்குமே ஞாபகம் இல்லை. யார் ஜெயிலுக்குப் போவார், யார் வெளியே வருவார் என்ற பரபரப்பில், மலையில் மூன்றாவது மாடி கூடாது என்ற சின்ன விஷயம் காணாமல் போய்விட்டது. அதன் விலை என்ன என்று அப்போதே நமக்குப் புரிந்திருந்தால் பின்னால் வந்த கதை வேறு மாதிரி இருந்திருக்கும்.

*

பின்னால் வந்த கதைக்கு நீங்கள் மலை ஏற வேண்டாம். எங்கள் அசோக் நகரில் இருந்து ஒரு ஷேர் ஆட்டோவில் போய் இறங்குகிற தூரம்தான் தி.நகர். கொடைக்கானலின் கடைசிப் பக்கத்துக்கும் ரங்கநாதன் தெருவின் கடைசிப் பக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

1971-ம் வருஷத்து தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113 என்று ஒரு பிரிவு. எந்த நிலத்துக்கும் எந்தக் கட்டடத்துக்கும் அரசு விலக்கு தரலாம் என்பது அதன் சாரம். அது போதாதென்று பின்னால் 113-ஏ வந்தது. 1999 பிப்ரவரி 28-க்கு முன்னால் விதியை மீறிக் கட்டியவர்கள் பணம் கட்டி ஒழுங்குபடுத்திக்கொள்ளலாம். இந்த ஒரு தடவை மட்டும்.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2000-ம் ஆண்டில் நீதிபதிகள் சொன்னதன் சுருக்கம்: விலக்கு தரும் அதிகாரம் செல்லும், ஆனால் காரணமே சொல்லாமல் இஷ்டத்துக்கு அள்ளி விடுவது தப்பு, 113-ஏவையும் ஒரு தடவை என்பதால் அனுமதிக்கிறோம்.

ஒரு தடவையாவது! விண்ணப்பிக்கும் கெடுவையும் கட்டி முடித்திருக்க வேண்டிய தேதியையும் வருஷா வருஷம் தள்ளிக்கொண்டே போனார்கள். அப்படி நீட்டித்த திருத்தங்களை 2006ல் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2007 ஜூலையில் ஓர் அவசரச் சட்டம், விதிமீறல் கட்டடங்களுக்குப் பாதுகாப்பு கொடுத்தது. 2012ல் 113-சி என்று இன்னொரு பிரிவு வந்தது. இந்த முறை கெடு தேதி 2007 ஜூலை 1. அந்தந்த ஆட்சிக்கு ஒரு 'இந்த ஒரு தடவை மட்டும்'. இதில் மட்டும் கழகங்களுக்குள் கருத்து வேற்றுமையே கிடையாது.

இதற்கு நடுவில் என்ன நடந்தது? 2008 செப்டம்பரில் ரங்கநாதன் தெருவின் பெரிய கடை ஒன்றில் தீப்பிடித்து ஊழியர்கள் இரண்டு பேர் செத்தார்கள். 2011 அக்டோபர் கடைசியில் அந்தத் தெருவில் பல கடைகளுக்கு சீல் வைத்தார்கள். பொங்கல் ஷாப்பிங்குக்கு முன்னால் திறந்துவிட்டார்கள். 2017 மே 31 அன்று உஸ்மான் ரோட்டில் ஏழு மாடி ஜவுளிக்கடை விடிய விடிய எரிந்தது. மறுநாள் டி.வி.யில் பார்த்துவிட்டு 'ச்சே' என்றோம். அடுத்த வாரமே வேறு கடையில் புடவை எடுத்தோம்.

இங்கே நெருப்பு. அங்கே மண். இரண்டுக்கும் வழிவிட்டது ஒரே மாதிரியான வாசகம்.

*

நான் படித்தது பி.காம். எனக்கு ஒரு விஷயம் புரிய வேண்டும் என்றால் அதைப் பற்று வரவாக எழுதிப் பார்ப்பேன். வாருங்கள், ஒரு கற்பனை ஹோட்டலுக்கு லெட்ஜர் போடுவோம்.

மலை ஊரில் ஒருவர் அனுமதி இல்லாமல் இரண்டு மாடி கூடுதலாகக் கட்டுகிறார். இருபது ரூம். கட்டுமானச் செலவு ஒன்றே கால் கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ரூமுக்கு இரவு 3,000 ரூபாய். வருஷத்தில் 120 நாள்தான் நிரம்புகிறது. மற்ற நாள் காலி. அப்படியும் வருஷ வரவு 72 லட்சம். சம்பளம், கரன்ட், வெந்நீர், சலவை என்று பாதி போய்விட்டது. மீதி 36 லட்சம்.

நகராட்சி நோட்டீஸ் அனுப்புகிறது. பதில் போடுகிறார். இன்னொரு நோட்டீஸ். கோர்ட்டில் தடை வாங்குகிறார். தடை விலகுவதற்குள் ஒழுங்குபடுத்தும் திட்டம் ஒன்று வருகிறது, அதற்கு விண்ணப்பம் போடுகிறார். விண்ணப்பம் நிலுவையில். பத்து வருஷம் ஓடிவிடுகிறது. கையில் மூன்று கோடியே அறுபது லட்சம். போட்ட காசு திரும்பி, வக்கீல் ஃபீஸ் போக, இரண்டு கோடிக்கு மேல் லாபம்.

பதினோராவது வருஷம் சீல் வைக்கிறார்கள். இடித்தே விடுகிறார்கள் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் பிள்ளைகளுக்குத் தெரியும், இதற்குப் பெயர் நஷ்டம் இல்லை. தேய்மானம். போட்ட பணம் முழுக்கத் திரும்பிய சொத்து. இடித்தால் என்ன, இருந்தால் என்ன?

பக்கத்தில் இன்னொருவர். இரண்டு மாடிக்கு பிளான் போட்டு, அனுமதிக்கு அலைந்து, ஆறு ரூம் மட்டும் கட்டியவர். பக்கத்து ஹோட்டலில் இருபது ரூம் கூடுதலாக இருப்பதால் சீசன் இல்லாத நாளில் அங்கே வாடகையைக் குறைக்கிறார்கள். இவரால் முடியவில்லை. சட்டத்தை மதித்ததற்கு இவர் கட்டும் அபராதம் அது. மீறியவர் கட்டும் அபராதத்தைவிட அதிகம்.

அவர் மகன் கேட்பான், 'ஏம்ப்பா, நம்மளும் கட்டியிருக்கலாமே?' அந்தக் கேள்விக்கு அப்பாவிடம் பதில் கிடையாது. எனக்கு இந்தக் கதையில் ரொம்பக் கவலை தருவது இடிந்து விழும் கட்டடம்கூட இல்லை. இந்த மகன்தான். அவன் அடுத்து கட்டப் போகும் மாடிதான்.

*

அவன் ஒருத்தன் இல்லை என்பது 2018ல் தெரிந்தது. கொடைக்கானலின் விதிமீறல் கட்டடங்கள் மீது நடவடிக்கை எடுங்கள் என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை நெருக்க ஆரம்பித்தது. பட்டியல் போட்டார்கள். சுமார் 1,400 கட்டடங்கள்.

கொடைக்கானல் நகராட்சியின் மக்கள்தொகை, 2011 சென்சஸ்படி, 36,501. வீட்டுக்கு நாலு பேர் என்று உத்தேசமாக வகுத்தால் ஒன்பதாயிரம் குடும்பம். அந்த ஊரில் 1,400 கட்டடம் சட்டத்துக்கு வெளியே நிற்கிறது. ஆறு, ஏழு குடும்பத்துக்கு ஒரு கட்டடம். இதை இனி 'சில பேர் செய்த தப்பு' என்று சொல்ல முடியாது. விதிமீறல்தான் அங்கே ஊர் வழக்கம். விதியைப் பின்பற்றுவதுதான் விதிவிலக்கு.

சீல் வைக்க ஆரம்பித்ததும் ஊர் கொந்தளித்தது. அதில் நியாயமே இல்லை என்று அசோக் நகரில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு நான் சொல்ல மாட்டேன். 1993ல் போட்ட மாஸ்டர் பிளான் அது. ஊர் வளர்ந்தது, குடும்பங்கள் பெருகின, கால் நூற்றாண்டு ஆகியும் புது பிளான் வரவில்லை. 1993ல் 'இது குடியிருப்புப் பகுதி' என்று கலர் அடித்த இடத்தில் 2003ல் ஒருவர் டீக்கடை வைத்தால் அவர் விதிமீறல்காரர். நாயுடுபுரத்திலோ மூஞ்சிக்கல்லிலோ பிறந்து வளர்ந்து, மகளுக்குக் கல்யாணம் ஆகி மாப்பிள்ளை வருகிறார் என்று மாடியில் ஒரு ரூம் போட்டவரும் விதிமீறல்காரர். சென்னையில் இருந்தபடியே ஐம்பது ரூம் ஹோட்டல் கட்டியவரும் விதிமீறல்காரர். பட்டியலில் மூன்று பேரும் ஒரே மாதிரி ஒரு வரிதான்.

ஆனால் சீல் வைக்கும் நாளில் மூவரும் ஒன்று இல்லை. ஒருவருக்குப் போவது சோறு. ஒருவருக்குப் போவது தலைக்கு மேல் கூரை. ஒருவருக்குப் போவது, மேலே சொன்ன லெட்ஜரில், பதினோராவது வருஷம்.

கட்டுப்பாடு வேண்டும் என்று சொல்கிற சுற்றுச்சூழல்காரர்களிடமும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. பெரிய ஹோட்டல் மீது பாய்கிற அதே வேகத்தில் சின்ன வீட்டின் மீதும் பாய்ந்தால், மலையைக் காப்பாற்றுவது என்பது வெளியூர் ஆட்களின் பொழுதுபோக்கு என்று உள்ளூர்க்காரர்கள் நினைத்துவிடுவார்கள். அப்படி நினைத்துவிட்டால் எந்தச் சட்டமும் நிற்காது. நேர்மையாக ஒரு ரூம் கட்ட விரும்புகிறவனுக்கு மூன்று மாதத்தில் 'சரி' அல்லது 'முடியாது' என்று எழுத்தில் பதில் கிடைக்க வேண்டும். கோப்பு மலையில் இருந்து இறங்கி, ஆபீஸ் ஆபீஸாகச் சுற்றி, மறுபடி ஏறுவதற்குள் அவன் மகளுக்குக் குழந்தையே பிறந்துவிடுகிறது. பின்பற்றவே முடியாத மாதிரி ஒரு விதியைப் போட்டுவிட்டு, மீறினால் காசு வாங்கிக்கொண்டு மன்னிப்பதற்குப் பெயர் ஒழுங்குமுறை இல்லை. வசூல்.

*

'கோர்ட் பார்த்துக்கும் சார்' என்கிறீர்களா?

கோர்ட் முடிந்ததைச் செய்கிறது. 2024ல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கொண்டுவரச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். சீசனில் நீலகிரிக்குள் ஒரு நாளைக்குச் சுமார் 20,000 வண்டிகள் நுழைகின்றன என்று கணக்கு வந்தபோது நீதிபதிகளே அதிர்ந்துபோனார்கள். 2025 ஏப்ரலில் இருந்து வண்டி எண்ணிக்கைக்கே வரம்பு வைத்தார்கள். சீசனில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000.

நல்லது. ஆனால் யோசித்துப் பாருங்கள். வண்டியைக் கணக்குப் பண்ணும் வேலை ஒரு நீதிபதியுடையதா? நகராட்சி, மாவட்ட நிர்வாகம், சுற்றுலாத் துறை, நகர் ஊரமைப்புத் துறை என்று நாலு பேர் செய்ய வேண்டியதை ஒருவரும் செய்யாததால் அது கோர்ட்டுக்குப் போனது.

கோர்ட்டின் தீர்ப்பும் நிரந்தரம் இல்லை. சிம்லாவைப் பாருங்கள். 2017 நவம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 'இங்கே இரண்டு மாடியும் ஒரு பரண் மாடியும்தான்' என்று சொன்னது. 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நகரத் திட்டம் போடுவது அரசின் வேலை, தீர்ப்பாயத்தின் வேலை அல்ல என்பது அதன் நிலை. சட்டப்படி சரியான வாதம்தான். அரசு அந்த வேலையைச் செய்தால்.

*

சரி, உலகத்தில் வேறெங்கும் மலை ஊரே கிடையாதா? அங்கே எப்படிச் சமாளிக்கிறார்கள்?

சுவிட்சர்லாந்தில் ஒரு பழக்கம். ஒருவர் கட்டடம் கட்ட விண்ணப்பம் போட்டால், கட்டுவதற்கு முன்பே, அந்த இடத்தின் மூலைகளில் உயரமான கம்பங்களை நட வேண்டும். வரப் போகும் கட்டடம் எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரம். கூரையின் சரிவு எப்படி வரும் என்பதைக்கூடக் கம்பத்தின் உச்சியில் கட்டைகளை வைத்துக் காட்டிவிடுவார்கள். சில வாரம் அது அப்படியே நிற்கும். தெருவில் போகிற பாட்டிக்கும், பள்ளிக்கூடம் போகிற பையனுக்கும் இங்கே என்ன வரப் போகிறது என்று தெரிந்துவிடும். ஆட்சேபணை இருந்தால் அதற்குள் சொல்லலாம்.

இதற்கு சாஃப்ட்வேர் வேண்டாம். கன்சல்டன்ட் வேண்டாம். நாலு மூங்கில், ஒரு முழம் சிவப்புத் துணி. நமக்கு இது புதுசும் இல்லை. கல்யாணம் என்றால் பந்தக்கால் நடுகிறோம். அந்த வீட்டில் என்ன நடக்கப் போகிறது என்று ஊருக்கே தெரிகிறது. மலை ஊரில் வீட்டுக்கும் ஹோட்டலுக்கும் ஒரு பந்தக்கால் நட்டால் என்ன? இரண்டு மாடி பிளானைக் காட்டி ஏழு மாடி கட்டுகிறவனை மூன்றாவது மாடியின் சென்ட்ரிங் பலகையிலேயே ஊர் கேட்கும்: 'அண்ணே, உங்க மூங்கில் இவ்ளோ உசரம் இல்லையே?'

அதே சுவிட்சர்லாந்தில் 2012 மார்ச்சில் மக்கள் ஓட்டுப் போட்டு இன்னொரு முடிவும் எடுத்தார்கள். எந்த ஊரிலும் மொத்த வீடுகளில் இருபது சதவிகிதத்துக்கு மேல் 'இரண்டாவது வீடு', அதாவது லீவுக்கு மட்டும் வந்து தங்குகிறவர்களின் வீடு, இருக்கக் கூடாது. ஓட்டு நூலிழையில்தான் ஜெயித்தது. ஆதரவு ஐம்பது சதவிகிதத்தைச் சும்மா தொட்டுத் தாண்டியது. சுற்றுலாவை நம்பிய மலை ஊர்கள் பலவும் எதிர்த்தன. சண்டை இன்னும் ஓயவில்லை. ஆனால் விஷயம் தெருவில், வாக்குச்சாவடியில் பேசப்பட்டது. யாரோ ஒருவருடைய மேஜையில், ஓர் ஆணையின் கடைசிப் பத்தியில் அல்ல.

*

இந்த இடத்தில் நாம் கொஞ்சம் கண்ணாடி பார்க்க வேண்டும். கொடைக்கானலின் மூன்றாவது மாடியை யாருக்காகக் கட்டினார்கள்? உங்களுக்காக. எனக்காக. மே மாதம் அசோக் நகரிலும் மேற்கு மாம்பலத்திலும் கே.கே.நகரிலும் பூட்டித் தொங்கும் வீடுகளுக்காக. வார இறுதி விளம்பரத்தில் 'மேகம் தவழும் காட்டேஜ், சுலபத் தவணை' என்று பார்த்து, ஒன்று புக் பண்ணலாமா என்று நாம் யோசிக்கும் அந்த ஐந்து நிமிஷத்துக்காக.

ரூம் எடுக்கும்போது என்னவெல்லாம் கேட்கிறோம்! வெந்நீர் எத்தனை மணி வரை? வியூ இருக்கா? கார் நிறுத்த இடம்? டிபன் சேர்த்தா? ஒரு கேள்வி மட்டும் கேட்பதில்லை. இந்த மாடிக்கு அனுமதி இருக்கா?

கேட்டாலும் தெரிந்துகொள்ள வழி இல்லை என்பது வேறு விஷயம். பத்து ரூபாய் முறுக்குப் பாக்கெட்டில் உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ் நம்பர் இருக்கிறது. ஃப்ளாட் விளம்பரத்தில் ரெரா நம்பர் இருக்கிறது. 3,000 ரூபாய் ரூமுக்கு, நாம் குழந்தையோடு தூங்கப் போகும் ரூமுக்கு, ஒரு நம்பரும் கிடையாது. மலை ஊர்களில் உள்ள ஒவ்வொரு விடுதியும் தன் திட்ட அனுமதி எண்ணையும், எத்தனை தளத்துக்கு அனுமதி என்பதையும் வாசலில் எழுதி வைக்க வேண்டும், ரூம் புக் பண்ணும் இடத்திலும் போட வேண்டும் என்று ஓர் உத்தரவு போட எத்தனை கோடி செலவாகும்? ஒரு பெயின்ட் டப்பா.

நான் கேட்பது மூன்றே மூன்று. வாசலில் அனுமதி எண். கட்டுவதற்கு முன்னால் மூங்கில். சின்ன வீட்டுக்கு மூன்று மாதத்தில் பதில். நாலாவதாக ஒன்று கேட்க ஆசை. அந்தக் கடைசிப் பக்கத்தைக் கிழித்துவிட வேண்டும். அதை எந்த அரசும் செய்யாது என்பது எனக்கும் தெரியும். ஆகவே குறைந்தபட்சம் இப்படிச் செய்யட்டும். மலை ஊரில் யாருக்காவது விலக்கு கொடுத்தால், யாருக்கு, எத்தனை மாடிக்கு, என்ன காரணம், கையெழுத்துப் போட்டவர் யார் என்று அந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் தமிழில் ஒட்டட்டும்.

காரணத்தை ஊர் நடுவில் எழுத வேண்டும் என்றால், பேனா கொஞ்சம் தயங்கும். ஏழு மாடியில் ஒரு மாடியாவது குறையும்.